பருத்திக் காய்ப்புழுவும் பரிணாம விதியும்

பருத்திக் காய்க்குள் புகுந்து விதையைத் தின்று பஞ்சைக் கெடுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் குடியானவர் யாவரும் நன்கறிவர். இப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும் பி.டி. பருத்தி, இந்தியாவில் 2002-ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. ஆரம்ப வருஷங்களில் புழுவினால் நேரும் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 2010-ஆம் ஆண்டில், குஜராத்தின் சில ஜில்லாக்களில் புழு அந்நஞ்சுக்கு மடியவில்லை என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு நஞ்சுகள் கொண்ட ரகம் 2006-ஆம் ஆண்டிலேயே வந்திருந்தும், பின்னர் அதற்கும் இதே கதி நேர்ந்தது.

புழு நஞ்சுக்குப் பழகிவிட்டது என்று பலர் கூறுவர். அது சரியன்று. நஞ்சைத் தின்று தின்று எந்தப் புழுவும் பலம் பெறவில்லை. மாறியது தனிப் புழுவன்று; புழுக்கூட்டமே.

ஒரு கூட்டத்திலுள்ள எல்லா உயிர்களின் மரபணுக்களையும் களத்து நெல்லைப் போல் ஒரே குவியலாகக் கருதலாம். அக்குவியலில் ஒவ்வொரு வகை மரபணுவும் கலந்திருக்கும் விகிதம் தலைமுறைதோறும் மாறிவருவதே பரிணாமம் எனப்படும். அதற்குக் கோடி வருஷங்கள் வேண்டுமென்பதில்லை; சில போகங்களே போதும்.

ஒவ்வொரு புழுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. நஞ்சைத் தாங்கும் வகை இரண்டு பிரதிகளிலும் அமைந்தால்தான் இப்புழு பிழைக்கும். ஒன்றில் மட்டும் அமைந்தால் பெரும்பாலும் மடியும். அவ்வகை ஆயிரத்தில் ஒன்றாக இருக்குங்கால், இரண்டும் கூடிய புழு 10 லட்சத்தில் ஒன்றே. அது பத்தில் ஒன்றாகப் பெருகின், அத்தகைய புழு நூற்றில் ஒன்றாகிவிடும்.

வயல்கள் முழுவதும் பி.டி. பருத்தியே நின்றால், தப்பிய சில அந்துப்பூச்சிகள் தமக்குள்ளேயே கூடி, நஞ்சைத் தாங்கும் சந்ததியைப் பெருக்கும். பக்கத்தில் சாதாரணப் பருத்தி நின்றால், அங்கு நஞ்சுண்ணாமல் வளர்ந்த ஏராளமான அந்துகளுடன் அவை கூடும். அவற்றின் சந்ததி ஒற்றைப் பிரதியே பெறுமாதலால் பி.டி. செடியில் மடியும். இதன்பொருட்டே, நிலத்தில் 20 சதவிகிதம் அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, இவற்றுள் எது அதிகமோ அவ்வளவு சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. அதற்கென 450 கிராம் விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக வழங்கப்பட்டது. அநேகர் அதை விதைக்கவில்லை.

அமெரிக்காவின் அரிஸோனாவில் பி.டி. பருத்தி 1996-ஆம் ஆண்டில் வந்தது. அங்குள்ளோர் சாதாரணப் பருத்தியையும் உடன் பயிரிட்டு வந்தனர். பத்து வருஷங்களாகியும் புழு எதிர்ப்புப் பெறவில்லை. 2006 முதல் மலட்டு அந்துகளும் விடப்பட்டன. 2018-ஆம் ஆண்டில், அந்நாட்டுப் பருத்திப் பிரதேசங்களில் இப்புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

புழுவின் சந்ததி தொடராதபடி செய்யும் முறை நமக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டுப் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டத்தின்படி, கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த காலத்திற்குள் பிடுங்க வேண்டியிருந்தது. ஆகையால் குடியானவர் சாதாரண விதையைத் தவறாது விதைத்தல், கடைசி எடுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கி அழித்தல், மறுதாம்பு விடாதிருத்தல், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளியாதிருத்தல் ஆகியவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும். அந்து வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. ஒருவர் மட்டும் செய்வதால் பயன் சிறிதே. கிராம அதிகாரிகள் ஊர் முழுவதையும் ஒன்றுபடச் செய்வார்களாயின், பலன் எல்லார்க்கும் கிட்டும்.