பறவைகள் ஊருக்கு பறந்தன... பார்க்கப் போனவர்கள் பாதி வழியில் மாட்டினர்!

பைனாகுலர் ரெடி. கேமரா ரெடி. லாட்ஜில் ரூமும் ரெடி. ஆனால் பஸ் இல்லை, ரெயில் இல்லை, மாவட்ட எல்லையை தாண்டவும் வழி இல்லை. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பறவை பார்க்க நீண்ட பயணம் கிளம்பியவர்களின் கதி இதுதான்.

ஏன் மார்ச் மாதம்?

தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டு பறவைகள் வரும் சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வாக்கில் முடிகிறது. கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளான் கைக்குள் அடங்கும் சின்ன பறவை. ஆனால் அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய டுந்திரா பகுதியில். நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து, இமயமலையையே தாண்டி திபெத், மங்கோலியா பக்கம் போய்விடும்.

மார்ச்சில் பல குளங்களில் தண்ணீர் வற்றும். மிச்சம் இருக்கிற தண்ணீரில் பறவைகள் கூட்டமாக சேரும். சில பறவைகள் கிளம்பும் முன்பே நிறம் மாறத் தொடங்கும். இதை பார்க்கத்தான் ஆர்வலர்கள் பழவேற்காடு, வேடந்தாங்கல், கோடியக்கரை, கூந்தன்குளம் என்று சுற்றுகிறார்கள். கோட்டை விட்டால் அவ்ளோதான், அடுத்த சீசன் வரை காத்திருக்கணும்.

8 நாளில் அடைபட்ட கதவுகள்

மார்ச் 14-ந்தேதி சென்னையில் இருந்து ஒரு குழு 3 வார பயணம் கிளம்பியது என்று வைத்துக்கொள்வோம். பழவேற்காடும் வேடந்தாங்கலும் முடிந்தது. 17-ந்தேதி முதல் தமிழ்நாட்டில் பூங்காக்கள், தியேட்டர்கள், மால்கள் மூடப்பட்டன. சரணாலயங்களிலும் அடுத்தடுத்து பார்வையாளர்களுக்கு தடை. "உள்ளே விடாட்டி என்ன, ஏரிக்கரையில நின்னு பார்ப்போம்" என்று குழு கோடியக்கரைக்கு போகிறது.

22-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை அறையிலேயே அடைபட வேண்டிய நிலை. அன்றே பயணிகள் ரெயில்களும் நின்றன. மறுநாள் இன்னொரு இடி. 24-ந்தேதி மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு, மாவட்ட எல்லைகள் மூடல் என்று தமிழக அரசு அறிவித்தது.

கையில் இருந்தது ஒரே நாள். தெற்கே கூந்தன்குளம் போவதா, வடக்கே வீட்டுக்கு திரும்புவதா? திரும்பியவர்கள் தப்பித்தார்கள். "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று நின்றிருந்தால் போச்சு. அன்று நள்ளிரவே நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு வந்துவிட்டது. அது நீண்டுகொண்டே போனதும், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்கும் முறை ஆகஸ்டு கடைசியில்தான் முடிந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

பாதி பயணம் வீணா?

இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். பயணம் பாதியில் நின்றால் பட்டியலும் குப்பை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இ-பேர்ட் இணையதளத்தில் பறவை கணக்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. எந்த இடம், எந்த தேதி, எத்தனை மணிக்கு தொடங்கி எவ்வளவு நேரம் பார்த்தோம், அடையாளம் தெரிந்த எல்லா பறவைகளும் எத்தனை என்று எழுதினால் போதும். அந்த ஒரு பட்டியல் தனியாகவே செல்லும். வேடந்தாங்கலில் எழுதியது, கூந்தன்குளம் போகாததால் கெட்டுப்போகாது. நோட்டில் பூட்டி வைப்பதுதான் உண்மையான நஷ்டம். பின்னாளில் பறவைகள் கூடியதா, குறைந்ததா என்று பார்க்கும்போது அந்த சீசன் பக்கம் காலியாக நிற்கும்.

பயணம் போனாலும் பழக்கம் போகவில்லை. வீட்டில் அடைபட்டவர்கள் மொட்டை மாடியில் நின்று குயில், செம்போத்து, தையல்சிட்டு, மைனா என்று எண்ண ஆரம்பித்தார்கள். 2020 மே 9-ந்தேதி நடந்த 'குளோபல் பிக் டே' கணக்கெடுப்பில் உலகம் முழுவதும் 50 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டனர்.

கிளம்பும் முன் கவனிக்க

கொரோனா முடிந்தது, இனி கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. 2024 மே 7-ந்தேதி முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு ஐகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. காட்டுத்தீ, மழை, பறவை காய்ச்சல் என்று எதற்கு வேண்டுமானாலும் சரணாலய கேட் மூடப்படலாம்.

எனவே முதல் நாளே வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாக எடுங்கள். ரொம்ப முக்கியமான இடத்தை கடைசிக்கு தள்ளாதீர்கள். அன்றைய பட்டியலை அன்றைக்கே பதிவேற்றுங்கள்.

பறவைக்கு பாஸ் வேண்டாம். நமக்குத்தான் வேணும்!