கருவுற்ற காலத்து மதுவும் குழந்தையின் மொழி வளர்ச்சியும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தாய் கருவுற்றிருக்கும்போது அருந்தும் மது கருவின் மூளையைப் பாதித்துக் குழந்தையின் மொழித்திறனைக் குறைக்கக்கூடும். அக்குறை வெளிப்படும் முறையையும், பலமொழி பேசும் தொழிலாளர் வாழும் திருப்பூரில் அதனை இனங்காண்பதிலுள்ள இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மது, கருவளர்ச்சி, குழந்தைமொழி, வினையெச்சம், திருப்பூர்

முன்னுரை

பிரான்சு நாட்டின் நாந்து நகர மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கமுடைய பெற்றோரின் 127 குழந்தைகளை ஆராய்ந்து 1968இல் கட்டுரை வெளியிட்டார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகிய இருவரும் இப்பாதிப்பிற்குத் தனிப்பெயரிட்டு மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தனர்.

மூளையில் நிகழ்வது

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. கருவின் கல்லீரல் முதிராமையால் அதனை விரைந்து சிதைக்க இயலாது. பனிக்குட நீரிலும் மது தங்குகிறது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப்பட்டை, நினைவாற்றலுக்குரிய பகுதி, சிறுமூளை ஆகியன பாதிப்புக்குள்ளாகின்றன. கருவுற்றதைப் பெண் அறியாத தொடக்க வாரங்களும் இதற்கு விலக்கல்ல. தீங்கற்ற அளவு என எதுவும் நிறுவப்படவில்லை.

மொழியில் வெளிப்படுவது

பேச்சுத் தாமதம், சொல்வளக் குறைவு, ஒலிப்புப் பிழை ஆகியன முதலில் தோன்றலாம். சில குழந்தைகள் சரளமாகப் பேசுவர். ஆயின் கேட்டதைப் புரிந்துகொள்வதிலும், நிகழ்ச்சியை நிரல்படக் கூறுவதிலும், கேட்போர் நிலையறிந்து பேசுவதிலும் இடர்ப்படுவர். சரளமே குறையை மறைத்துவிடுவதால், சொன்னதைச் செய்யாத குழந்தை 'அடங்காப் பிள்ளை' எனப் பெயர்பெறுகிறது.

தமிழில் இது தனிக் கவனத்திற்குரியது. 'கை கழுவிவிட்டுத் தட்டை எடுத்து வந்து உட்கார்' என்னும் தொடரில் வினையெச்சங்கள் அடுக்கி நிற்க, முற்றுவினை இறுதியில் வருகிறது. முற்பகுதியை நினைவில் இருத்தினாலன்றி முழுக்கட்டளையும் நிறைவேறாது. ஆகவே எச்சத்தொடர்ப் புரிதல் இக்குழந்தைகளை இனங்காண உதவுமா என்பது ஆராயத்தக்க கருதுகோளாகும். ழகர, றகர ஒலிப்புகள் இயல்பான குழந்தைகளிடமும் பிந்தியே அமைதலால், அவற்றை மட்டும் கொண்டு குறையை முடிவுசெய்தல் பொருந்தாது.

திருப்பூர்ச் சூழல்

தமிழ்நாட்டில் மது அருந்தும் பெண்கள் மிகச் சிலரே. இதனால் பேறுகாலப் பரிசோதனையில் அக்கேள்வி நாணத்தால் தவிர்க்கப்படும் வாய்ப்புண்டு. கேட்டாலும் உண்மை மறைக்கப்படலாம். நொதித்தலால் மது உண்டாகும் அரிட்டங்களை மருந்தென்றே கருதுவோரும் உளர். கருவுற்றோர் அவற்றையும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

ஆண்களின் குடியோ வேறு வழியில் குழந்தையைத் தொடுகிறது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகப் பெண்கள் சாலையில் திரண்டமை இதன் சுமையை உணர்த்தும். கருவை மது தாக்குவதும், குடும்ப வன்முறையாலும் வறுமையாலும் குழந்தையோடு உரையாடல் குன்றுவதும் வெவ்வேறு காரணங்கள். 'ஒன்றரை ஷிப்ட்' முடித்துப் பனியன் கம்பெனியிலிருந்து இரவில் திரும்பும் பெற்றோரின் நேரமின்மையும் உரையாடலைக் குறைக்கும். இவற்றைக் கருநிலைப் பாதிப்போடு குழப்பினால், மதுவையே தொடாத தாய்மீது பழி விழும்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரின் குழந்தைகள் வீட்டில் ஒரு மொழியும் அங்கன்வாடியில் தமிழும் கேட்கின்றனர். தமிழில் மட்டும் சோதித்தால், மொழி வேற்றுமை குறைபாடாகத் தோன்றும். உண்மைக் குறைபாடோ 'தமிழ் தெரியாத பிள்ளை' என்னும் விளக்கத்தில் மறைந்துபோகும். எனவே தாய்மொழியிலும் சோதித்தல் இன்றியமையாதது. செவித்திறன் ஆய்வு அதற்கு முற்பட வேண்டும்.

முடிவுரை

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் வளர்ச்சித் தாமதங்களும் பரிசோதிக்கப்படுகின்றன. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அதன் அங்கமாகும். மூளைப் பாதிப்பை முற்றிலும் நீக்க இயலாதெனினும், இளமையிலேயே தொடங்கும் பேச்சுப் பயிற்சியும், கட்டளைகளைச் சிறு தொடர்களாகப் பிரித்துக் கூறுதலும் பயன்தரும். தமிழ்க் குழந்தைமொழி பற்றிய வயதுவாரி அளவுகோல்களைத் தமிழாய்வாளர் உருவாக்கித் தருதல் இப்பணிக்கு அடிப்படையாகும். தாயிடம் கேட்கும் கேள்வி குற்றஞ்சாட்டும் தொனியின்றி அமைந்தாலன்றி உண்மை வெளிவராது. உண்மை வெளிவராவிடில் குழந்தைக்குரிய உதவியும் காலத்தில் கிட்டாது.