பிடித்த கை – 11: ஒருநாள் ரயில்வே, ஒருநாள் இவாமா

ஐகிடோவின் தந்தை மொரிஹெய் உயெஷிபா 1942-ல் டோக்கியோவை விட்டு இவாமா கிராமத்தில் குடியேறியதோடு போன வாரம் நிறுத்தினேன். இந்த வாரம் அடிபடாமல் விழும் வித்தையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் மொரிஹிரோ சைட்டோ வந்து நிற்கிறார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1946. தோற்ற ஜப்பானில் தற்காப்புக் கலைகளுக்குத் தடை. பழைய சீடர்கள் பலரும் போரில் சிதறிவிட்டார்கள். குரு நிலத்தைக் கொத்திப் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தேடி வருகிறார் பக்கத்து ஊர்ப் பையன் சைட்டோ. வயது 18. ரயில்வேயில் வேலை, 24 மணி நேரம் டியூட்டி, அடுத்த 24 மணி நேரம் ஓய்வு.

இந்த டியூட்டி முறைதான் ஒரு வாரமாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது. மற்றவர்கள் பகலில் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையிலேயே வந்து நிற்க சைட்டோவால் முடிந்தது. குருவுக்கோ அந்த ஆண்டுகளில் மரவாளும், ஜோ எனும் தடியுமே மூச்சு. வாளை ஓங்கினால் எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டுமே! பல நாள் அப்படி நின்றவர் சைட்டோ ஒருவர்தான். பயிற்சி முடிந்தால் வயல் வேலை. இன்று இவாமா வழிப் பள்ளிகளில் கற்றுத்தரும் 7 வாள்வீச்சுகள், 20 தடிவீச்சுகள், 31 அசைவு கொண்ட தடி வரிசை எல்லாம் அந்தக் காலைப் பொழுதுகளிலிருந்து அவர் தொகுத்துக் கொடுத்தவை. ரயில்வேயில் அவருக்குப் பகல் ஷிப்ட் போட்டிருந்தால் இவற்றில் எவ்வளவு நமக்கு வந்து சேர்ந்திருக்கும்?

1969 ஏப்ரலில் குரு மறையும்வரை 23 ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார். குருவின் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். குருவுக்கும் அவர் மனைவிக்கும் வேண்டியதைச் செய்தவர்களில் சைட்டோவின் மனைவியும் உண்டு. நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவர் கைக்கெட்டும் தூரத்தில் வருடக்கணக்காக இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவாமா வகுப்பு 'தாய் நோ ஹென்கோ'வில்தான் தொடங்கும். எதிரில் நிற்பவர் உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிப்பார். விளையாட்டுக்குப் பிடிப்பதைச் சைட்டோ ஏற்கமாட்டார். இழுத்தாலும் தள்ளினாலும் மல்லுக்கட்டுதான். விரல்களை விரித்து, முழங்கையைத் தளர்த்தி, பிடிபட்ட கையை அங்கேயே விட்டுவிட்டு இடுப்போடு திரும்ப வேண்டும். திரும்பினால் அவர் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையைப் பார்த்தபடி நிற்பீர்கள். பிடி அப்படியேதான் இருக்கும். மோதுவதற்கு எதிரே ஆள் இருக்காது.

இதில் முதலில் ஏறுவது தோள்தான். எங்கள் சென்செய் (ஆசிரியர்) ஒன்றும் சொல்லமாட்டார், இரண்டு விரலால் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இப்போது வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது குரலை உயர்த்தினால் என் தோள் ஏறுவது எனக்கே தெரிந்துவிடுகிறது. இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உயெஷிபா 1938-ல் 'புடோ' என்றொரு பயிற்சிக் கையேடு வெளியிட்டிருந்தார், அவரே செய்துகாட்டும் படங்களோடு. சைட்டோ அதைப் பார்த்ததே இல்லை. 1981-ல் ஒரு பழைய சீடரிடமிருந்து அதைக் கண்டெடுத்து அவரிடம் காட்டியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டான்லி பிரானின். குரு போருக்கு முன் செய்த அசைவுகளும், இவாமாவில் தான் கற்று அப்படியே சொல்லிக்கொடுத்துவந்த அசைவுகளும் ஒத்துப்போவதைப் பார்த்துச் சைட்டோவுக்கு அத்தனை சந்தோஷம்! அதன்பிறகு போகிற பயிற்சி முகாம்களுக்கெல்லாம் அந்தப் புத்தகத்தை எடுத்துப்போய், பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுச் செய்துகாட்டுவார். தன் பெயருக்கு ஒரு பாணி உண்டாக்க எல்லா வாய்ப்பும் இருந்த மனிதர், குருவின் படத்தைக் காட்டினார். 2002-ல் மறையும்வரை இவாமா பயிற்சிக்கூடத்தையும் அங்குள்ள ஐகி கோயிலையும் பார்த்துக்கொண்டார்.

விழுவது அடுத்த வாரம், கட்டாயம். அதற்குத் துணையாக கோஸோ ஷியோடாவை அழைத்து வருகிறேன். 1955-ல் யோஷின்கான் பள்ளியைத் தொடங்கியவர். டோக்கியோவின் கலகத் தடுப்புப் போலீஸார் விழக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

(தொடரும்)