எடிட் அறைச் சாவி யாரிடம்?

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முடிவுத் திகதி நெருங்குவதை எங்களுக்கு வரும் கடிதக்கட்டின் தடிப்பே சொல்லிவிடும். இம்முறை பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: சினிமாவும் வீடியோவும் ‘மைனர்’ பாடமாகப் படிக்கலாமாமே, அது என்ன? புசல்லாவை பஜாரில் ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடையொன்றில், மகளின் அடையாள அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாய் ஒருவர் என்னிடமும் கேட்டார்: “ஏன் தம்பி, படம் எடுக்கிறதயும் கெம்பசுல படிச்சுக் குடுக்குறாங்களா?”

படித்துக் கொடுக்கிறார்கள். எப்படி என்பதில்தான் குழப்பம். இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி எல்லாம் உயர்தரம் எழுதிய வீட்டாருக்கு மனப்பாடம்; அதை விடுகிறேன்.

‘மைனர்’ என்பது அமெரிக்கப் பல்கலைக்கழக வழக்கு. இங்கே அந்தச் சொல் அதிகம் புழங்குவது கட்டணம் வாங்கும் நிறுவனங்களின் விளம்பரங்களில். நம் அரச கலைப்பீடங்களில் மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு முதலாம் ஆண்டில் மூன்று பாடங்கள் எடுப்பது வழமை. அவற்றில் ஒன்று திரைப்படமோ ஊடகமோ ஆனால், அதைத் துணைப்பாடம் என்று நாமாகச் சொல்லிக்கொள்கிறோம். பட்டச் சான்றிதழில் ‘கலைமாணி’ என்று மட்டுமே இருக்கும். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்தால்தான் பாடத்தின் பெயர் அதில் ஏறும். பொதுப் பட்டக்காரர் சினிமா படித்ததற்குச் சாட்சி பாடவாரியான பெறுபேற்றுத் தாள் ஒன்றுதான்.

எங்கெங்கே? களனியில் திரைப்படமும் தொலைக்காட்சியும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பாளி வளாகம் ஹொரணையில் இருக்கிறது, அங்கே ஊடகம். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள். மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் கட்புலக் கலையும். இது முழுப் பட்டியல் இல்லை.

இனி என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: கிரெடிட்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. அந்த 50 மணித்தியாலமும் விரிவுரை என்று நினைத்துவிடாதீர்கள். விரிவுரைக்கு ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியாலம் என்பதே நடைமுறைக் கணக்கு. மிச்சம் 35 மணித்தியாலத்தில் மாணவர் தானே படிப்பதாக, பயிற்சி செய்வதாக, பரீட்சைக்குத் தயாராவதாகக் கருதப்படுகிறது. ‘கருதப்படுகிறது’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். உத்தியோகபூர்வ மொழியில் இதற்கு ‘மாணவர் மையக் கற்றல்’ என்று பெயர். செலவும் மாணவர் மையம் என்பதை யாரும் சொல்வதில்லை.

வரலாறு படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு சரிதான். நூலகத்தில் ஒரு புத்தகம், ஒரு கொப்பி, ஒரு பேனை போதும். லயன் காம்பராவில் விளக்கடியில் உட்கார்ந்தும் 35 மணித்தியாலத்தை நிரப்பலாம். எடிட்டிங் படிக்கும் பிள்ளை எங்கே போய் நிரப்பும்?

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்று கிரெடிட் எடிட்டிங் பாடம், 40 மாணவர், எடிட் அறையில் எட்டுக் கணினி. மொத்தம் 150 மணித்தியாலத்தில் விரிவுரை 45 போக மிச்சம் 105. பதினைந்து வார செமஸ்டரில் ஒருவருக்கு வாரம் ஏழு மணித்தியாலம். நாற்பது பேருக்கு 280. எட்டுக் கணினிக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் வாரம் 35 மணித்தியாலம் ஓட வேண்டும். அதாவது ஐந்து வேலைநாளும் தினம் ஏழு மணித்தியாலம், வேறு எந்த வகுப்பும் அந்த அறைக்குள் நுழையாமல், ஒரு கணினியும் பழுதாகாமல். கடதாசியில் இது பொருந்திவிடுகிறது. அந்தக் கெட்டித்தனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பகலில் பிள்ளைகளுக்கு வேறு இரண்டு பாடங்களின் விரிவுரை இருக்கும். அவர்கள் ஓய்வாகும் நேரத்தில் அலுவலர் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் இந்த 35 எங்கே நிற்கும்?

வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்பார்கள். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் 4கே கமராவில் ஒரு நிமிடக் காட்சி 750 மெகாபைட் பிடிக்கும்; ஒரு மணித்தியாலம் என்றால் 45 ஜிகாபைட். ரொத்சைல்ட் தோட்டத்து மேட்டில் சிக்னல் தேடி நிற்கும் பிள்ளை அதை டேட்டாவில் அனுப்பட்டும் பார்ப்போம். ஒரு வழி உண்டு. காட்சிகளுக்குச் சிறிய அளவு நகல் எடுப்பார்கள். ‘ப்ரொக்சி’ என்பது தொழிலில் உள்ளவர்களின் பேச்சு. பழைய மடிக்கணினியில் அந்த நகலை வெட்டி ஒட்டிவிட்டு, கெம்பசுக்கு வந்து மூலக் காட்சிகளோடு இணைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் எடிட் அறையில் காத்திருக்கும் நேரம் நிறையக் குறையும். முதல் வாரத்திலேயே இதைக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றக் கேள்விகள்:

சொந்தக் கமரா வேண்டுமா? முதலாம் ஆண்டில் வாங்காதீர்கள், போன் போதும்.

உளச்சார்புப் பரீட்சை? சில கற்கைநெறிகளுக்கு உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனித் திகதி.

தமிழில் படிக்கலாமா? விண்ணப்பக் கைநூலில் மொழிமூலம் என்ன போட்டிருக்கிறது என்று பாடம் பாடமாகப் பாருங்கள். பிறகு அழுது பலனில்லை.

வேலை? துணைப்பாடத்தை மட்டும் நம்பி எவரும் வேலை தரமாட்டார். நீங்கள் எடுத்த ஐந்து நிமிடப் படத்தைப் பார்த்துத் தரலாம்.

பட்டம் இல்லாமல் படம் எடுக்க முடியாதா? தோட்டத் தொழிலாளரைப் பற்றி 1975இல் ‘புதிய காற்று’ எடுத்த வீ.பி. கணேசன் தொழிற்சங்கக்காரர்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் அந்தந்தத் துறைக்குத் தொலைபேசி எடுத்து மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மாணவருக்கு எத்தனை கணினி, எடிட் அறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம். கிடைக்கும் பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.