கோட்டைத் தொடரும் வண்டி

இரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் பார்க்கும் நமக்கு வண்டி என்றால் தண்டவாளத்தின்மேல் ஓடுவது. சக்கரத்தின் உள்விளிம்பு அதனைத் தடம் விலகவொட்டாமல் காத்துக்கொள்வதால், எஞ்சின் ஓட்டுபவருக்கு வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமே வேலை. திசை திருப்பும் கவலை இல்லை. ஆனால், சென்ற ஓராண்டாகக் காரோட்டில் நம் வாடகை வீட்டுக் கூடத்தில் வேறொரு வண்டி ஓடுகின்றது. அதற்குத் தண்டவாளமும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்பு டேப் ஒன்றே அதற்கு வழி. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மூத்த மகன் செய்தது அது. இத்தகைய ரோபோ வண்டிகளுக்கு நடைபெறும் பந்தயத்தைப் பற்றியும், அதில் நாம் செய்த பிழை ஒன்றைப் பற்றியும் சங்கக் குடும்பத்தாருக்கு எழுத விரும்புகின்றோம்.

பந்தயத்தின் விதி எளியது. வண்டியைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்துவிட்டால் பின்னர் கை படலாகாது, ரிமோட்டும் கூடாது. குறைந்த வினாடிகளில் சுற்றை முடித்த வண்டிக்கே வெற்றி.

கண்ணில்லாத வண்டி கோட்டை எங்ஙனம் காண்கின்றது? அதன் அடியில் அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்கும், திரும்பி வரும் ஒளியை அறியும் உணரியும் உள்ளன. வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு அதனை விழுங்கிவிடும். கோட்டின் இருபுறமும் ஒவ்வோர் உணரி இருப்பதாகக் கொள்வோம். இடப்புற உணரியின்கீழ்க் கறுப்பு வருமாயின், வண்டி வலப்புறம் விலகிவிட்டது என்பது பொருள். உடனே இடச் சக்கரம் வேகம் குறைய, வண்டி இடப்புறம் திரும்பும். இரண்டே உணரிகள் உடைய வண்டி கள்ளுண்டவன்போல் தள்ளாடித் தள்ளாடியே செல்லும். ஐந்து அல்லது எட்டு உணரிகளை வரிசையாக அமைத்தால், எவ்வளவு விலகினோம் என்பதை அளந்து அந்த அளவுக்கே திருத்திக்கொள்ளலாம்; விலகல் கூடுகின்றதா, குறைகின்றதா என்பதையும் கணக்கில் சேர்க்கலாம்.

இக்கணக்கு ரோபோவுக்கென்று பிறந்ததன்று. கப்பலின் சுக்கான் தானே இயங்குவதற்கான கணக்கை ஆராய்ந்து, நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்பவர் 1922-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் வழிவந்ததே இது. விழிஞ்ஞத்துப் படகோட்டி ஏடும் எழுத்தாணியும் இன்றி நாள்தோறும் செய்வதும் ஏறக்குறைய இதுவே எனலாம்.

ஜப்பானில் இப்பந்தயம் பெருங்கலையாகவே வளர்ந்துள்ளது. அங்கே கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடு. வளைவு தொடங்கும் இடங்களில் ஓர் அடையாளம். முதல் ஓட்டத்தில் மெதுவாகச் சென்று வளைவுகளை நினைவில் கொண்ட வண்டி, அடுத்த ஓட்டத்தில் நேர்வழியில் பாய்ந்து, வளைவு வருமுன்னரே வேகத்தை அடக்கிக்கொள்ளும். நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘இ-யந்திரா’ திட்டத்தார் 2012 முதல் கல்லூரி மாணவர்க்கு ரோபோப் போட்டி நடத்தி வருகின்றனர்.

இவையெல்லாம் பட்டணத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியவை என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கேரள அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் தொடங்கப்பட்டன. 2022 டிசம்பரில் ரோபோக் கருவிப் பெட்டிகள் வழங்கும் திட்டம் தொடங்கியது. ஆர்டுயினோ பலகையும் அகச்சிவப்பு உணரியும் அப்பெட்டியில் உள்ளன. 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்குமே ரோபோப் பாடம் உண்டு. பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்த நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைக்கின்றது. நாம் தனியே வாங்கியவை வீட்டு வண்டிக்கான சிறு பலகை, உணரிகள், இரு மோட்டார்கள், சக்கரங்கள், பாட்டரி ஆகியவையே.

அந்தப் பாட்டரியில்தான் நம் பிழை நேர்ந்தது. பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டிக்கு இரண்டு நாள் முன்பு வண்டி ஓடுவதைக் கண்டு, “இந்த வேகத்தில் போனால் எவன் பரிசு தருவான்?” என்று கூறி, வலிய பாட்டரி ஒன்றை நாமே வாங்கி வந்தோம். மகன் தயங்கினான்; பின்னர் பொருத்திக்கொண்டான். போட்டியன்று இரண்டாம் வளைவிலேயே வண்டி கோட்டை விட்டுப் பாய்ந்து மேசைக் காலில் மோதியது. பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

மூன்று நாள் கழித்து, “அப்பா, ஒரு நிமிஷம் வாங்க” என்று கூடத்துக்கு அழைத்தான். வலிய பாட்டரியோடு வண்டியை ஓட்டினான். அதே போன்ற வளைவில் பாய்ந்தது. பழைய பாட்டரியை மாற்றினான்; வளைவைக் கடந்தது. பின்னர்த் தாளைத் திண்ணையில் வெயில் விழும் இடத்துக்கு இழுத்தான். பழைய பாட்டரியிலும் வண்டி தடுமாறியது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டாகையால் உணரி மயங்குகின்றது என்றான். போட்டிக் கூடத்திலும் சன்னல் வெயில் விழுந்தது நினைவுக்கு வந்தது. உணரிகளைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் சிறு மறைப்பு ஒட்டினான். தடுமாற்றம் பெரிதும் நின்றது. “அன்றைக்கே பாட்டரிதான் காரணம் என்று சொல்லியிருக்கலாமே?” என்றோம். “எல்லாரும் நின்றார்களே, அப்பா” என்றான். நாம் என்ன விடை கூறுவது? மன்னிப்புக் கேட்டோம்.

அந்தத் தாள் இப்பொழுதும் நம் வீட்டுக் கூடத்தில் விரித்தபடியே கிடக்கின்றது. இல்லாளுக்குப் பெருக்குவதில் தொல்லைதான். ஆயினும், பணியில்லாத ஞாயிறு மாலைகளில் சங்கத்துப் பிள்ளைகள் வந்து தம் வண்டிகளை ஓட்டிப் பார்க்கலாம். வெயில் சாய்ந்தபின் வருக. பாட்டரி எதுவென்பதைப் பிள்ளைகளே தீர்மானித்துக்கொள்க. நாம் கோட்டை ஒட்டித் தருவதோடு நின்றுகொள்வோம்.