தோட்டத்து வீடுகளில் ஓயாது குரைக்கும் சிறு நாய்

உடுமலைப்பேட்டைத் தாலுகாவில் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் மிகுதி. பக்கத்துச் சாளை பல இடங்களில் கூப்பிடு தூரத்திலும் இராது. ஆகையால் நாயில்லாத சாளையைக் காண்பது அரிது. முன்னெல்லாம் நாட்டு நாயே காவலுக்கு இருந்தது. இப்பொழுது பொமரேனியன் என்று வழங்கும் வெண்சடைச் சிறு நாயைக் குழந்தைகளின் விருப்பத்திற்காகப் பலர் வாங்கி வளர்க்கின்றனர். அது தின்பது கொஞ்சம். செவியோ மிகக் கூர்மை. ஆயினும் இட்டேரியில் நடப்பவர், பால்காரர், வேலியில் வந்தமரும் மயில், தென்னை மட்டை விழும் ஓசை ஆகிய யாவற்றிற்கும் அது ஒரே விதமாகக் குரைக்கும்.

இதனால் விளையும் நஷ்டம் தூக்கம் கெடுவதோடு நிற்பதில்லை. இரவெல்லாம் குரைக்கும் நாயின் குரலுக்கு வீட்டார் நாளடைவில் செவி கொடாது விட்டுவிடுவர். பிறகு உண்மையாகவே ஆபத்து வந்த இரவிலும் எவரும் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வரமாட்டார். திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கோரிப் போராடியதும் பலரும் அறிந்தவை. பட்டி வைத்திருப்பவருக்கு நம்பத்தக்க குரைப்பு ஒன்று வேண்டும். நூறு வீண் குரைப்புகள் அதனைக் கெடுத்துவிடும்.

நாய் வேண்டுமென்றே தொல்லை கொடுப்பதில்லை. மனிதன் செவிக்கு வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியே எட்டும். நாய்க்கு 45,000 வரை எட்டும். மேலும் இவ்வகை நாய்களின் மூதாதைகள் குளிர் தேசங்களில் காவலுக்கென்றே வளர்க்கப்பட்டவை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும்பொழுது கூரைத் தகரமும் ஓலையும் ஓயாது சப்திக்கும், நாயும் ஓயாது. அதன் படுக்கையை வீட்டின் கீழ்புறச் சுவரோரமாக மாற்றினாலே அம்மாதங்களில் பாதித் தொல்லை குறையும். வேலிச் சந்து வழியே இட்டேரி தெரியுமாயின், அவ்விடத்தில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டி மறைத்துவிடலாம். செலவு யாதுமில்லை.

பெரும்பாலான சாளைகளில் முதற்காரணம் சங்கிலியே. பகல் முழுவதும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டுண்ட நாய்க்குக் குரைப்பதைத் தவிர வேறு வேலை யாது? காலை மாலை இருவேளையும் வரப்போரம் அரைமணி நேரம் நடத்திச் செல்லுதல் வேண்டும். கட்டியே ஆகவேண்டுமாயின், இரண்டு கம்பங்களுக்கிடையே நீண்ட கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் அங்குமிங்கும் உலாவும். நிழலும் நீரும் அதற்கு எட்டும்படி இருக்கட்டும். சடை அடர்ந்த இந்நாய் சித்திரை வெயிலைத் தாங்காது. மலையடிவாரச் சாளைகளில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டிச் சிறுத்தை நடமாட்டம் உண்டாகையால், சிறு நாயை இரவில் வெளியே கட்டுதல் அதனை இரையாக வைப்பதேயாகும்.

பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். நாய் குரைக்கையில் எசமானர் திண்ணையிலிருந்து உரக்கக் கத்துவது வழக்கம்; அவரும் தன்னோடு சேர்ந்து குரைப்பதாகவே நாய் எண்ணும். அவ்வாறின்றி, எழுந்துபோய் அது பார்க்கும் திசையைத் தாமும் பார்த்து, தாழ்ந்த குரலில் "போதும்" என்று ஒருமுறை சொல்லுக. அது வாய் மூடிய கணத்திலேயே அவித்த முட்டைத் துணுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். முதலில் இரண்டு வினாடி மௌனத்திற்கும், பிறகு ஐந்து, பத்து வினாடிகளுக்கும் கொடுத்து வந்தால் சில வாரங்களில் சொல்லுக்குப் பணியும். சோறு கேட்டுக் குரைப்பதாயின் அப்பொழுது கொடாது, ஓய்ந்த பின்பே வைக்க வேண்டும். தொடக்கத்தில் குரைப்பு அதிகப்படும். அங்கே தளர்ந்துபோய்ச் சோற்றை வைத்தவர் இன்னும் உரக்கக் குரைக்கவே கற்பித்தவராவர். ஒருவர் அடக்க, மற்றொருவர் கொஞ்சினால் பயனில்லை. வீட்டார் அனைவரும் ஒருபடித்தாய் நடத்தல் அவசியம்.

வாயைக் கயிற்றால் கட்டுவது பெருந்தவறு. நாய் பெரும்பாலும் இரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது; வாய் கட்டுண்டால் வெயிலில் இறந்தும் போகும். அடிபட்ட நாயோ அச்சத்தால் இன்னும் குரைக்கும், கடிக்கவும் துணியும்.

அமைதியாக இருந்த நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால் காதுப்புண், உண்ணி, பல்வலி, முதுமையில் செவிடு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். குரல் மாறிக் கம்மி, எச்சில் ஒழுகுமாயின் வெறிநோய் என்று ஐயுற்று, கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புக. உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே உள்ளது. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுதல் வேண்டும்.

குரைப்பினால் பக்கத்துத் தோட்டக்காரருடன் மனத்தாபம் உண்டாகி, விஷம் வைக்கும் அளவுக்கு முற்றுவதும் உண்டு. அவ்விஷத்தை மயிலும் கீரியும் தின்னும். நாயை விஷமிட்டுக் கொல்லுதல் குற்றம். மிக நீளங்குறைந்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தலும், எப்பொழுதும் கட்டிய நாயை நடமாட விடாதிருத்தலுங்கூட 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே. இத்தகைய புகார் வரும்பொழுது கிராம நிர்வாக அலுவலர் இருவரையும் அழைத்துப் பேசுமுன், நாய் கட்டியிருக்கும் இடத்தையும் சங்கிலியின் நீளத்தையும் நேரில் பார்த்து வருதல் நலம்.