குதர்க்கம் என்பது யாது?

பொதுக்கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் 'குதர்க்கம்' என்னும் சொல் மலிந்து கிடக்கிறது. எதிர்க்கக்ஷியார் ஒரு காரணம் கூறினால், அதை ஆராயுமுன்னரே 'இது வெறுங் குதர்க்கம்' என்று சொல்லிக் கரகோஷம் பெறுவது பிரசங்கிகளுக்கு எளிதாகிவிட்டது. தேசத்தொண்டில் ஈடுபட்டோர் இச்சொல்லின் பொருளைச் சற்று நிதானித்து அறிதல் நலம்.

'கு' என்பது இழிவைக் குறிக்கும் வடமொழி முன்னொட்டு. ஆகவே குதர்க்கமாவது கோணிய தர்க்கம். நமக்குப் பிடியாத தர்க்கம் என்பது அதன் பொருளன்று. மெய்யை நாடிப் பேசுவதை வாதம் என்றும், வெற்றி ஒன்றையே நாடுவதை ஜல்பம் என்றும், தன் கொள்கை எதையும் நிலைநாட்டாது பிறர் கொள்கையை இடிப்பதை விதண்டை என்றும் நியாய நூலார் பகுத்தனர். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாததை ஹேத்வாபாசம் என்றனர்.

தமிழில் இவ்வாராய்ச்சி புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 குற்றங்களை வகுத்துரைக்கிறார். ஓசை அழியுந் தன்மையது, கண்ணுக்குப் புலனாதலால் என்று ஒருவன் கூறின், ஓசை கண்ணுக்குப் புலனாவதே இல்லை, அக்காரணம் அசித்தம். இவன் திருடன், இரவில் தெருவில் நடந்தான் ஆதலால் என்பது வேறு வகை. இரவில் திருடனும் நடப்பான், காவற்காரனும் நடப்பான். இருபாலும் பொருந்துங் காரணம் ஒருபாலையும் நிலைநாட்டாது. இது அநைகாந்திகம்.

நமது திருச்சிராப்பள்ளியின் சரித்திரத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13ல் ராஜாஜி தலைமையில் இந்நகரிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது. சத்தியாக்கிரகிகளுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்தார். சட்டத்தை மீறச் செல்வோனுக்குச் சோறிட்டான், ஆதலின் இவனும் உடந்தை என்பதே அதன் உட்கருத்து. உடந்தையாவோனும் சோறிடுவான், பசித்து வந்த வழிப்போக்கன் எவனுக்கும் இலைபோடும் கிருகஸ்தனும் சோறிடுவான். காரணம் இருபாலும் ஓடுகிறது. ஜனங்கள் தர்க்க நூல் கற்றவரல்லர். ஆயினும் மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டிவைத்து அந்த நியாயத்தின் ஓட்டையை நன்கு காட்டினர்.

இனி நம்மவர் பக்கம் நோக்குவோம். 'இவர் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். ஆகவே இவர் கூறுவது குதர்க்கம்' என்று ஒருவர் முழங்குகிறார். உத்தியோகம் பார்த்தோருள் மெய் பேசுவோரும் உண்டு, பொய் பேசுவோரும் உண்டு. கலெக்டரின் காரணத்தில் இருந்த அதே அநைகாந்திகம் இங்கும் இருக்கிறது. எதிரியிடம் கண்டால் குற்றம், நம்மிடம் கண்டால் தேசபக்தி என்று கொள்ளுதல் தகுமோ?

ஸ்ரீரங்கத்தில் இராமானுஜருக்கும் யக்ஞமூர்த்தி என்னும் அத்வைத பண்டிதருக்கும் நிகழ்ந்த வாதத்தைக் குருபரம்பரை நூல்கள் விவரிக்கும். பதினேழு நாள் கடந்தும் வெற்றி தோல்வி துணியப்படவில்லை. பதினெட்டாம் நாளே முடிவு கண்டது என்பர். தோற்றவர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்னும் திருநாமம் பெற்று ஞானசாரம், பிரமேயசாரம் என்ற தமிழ் நூல்களை இயற்றினார். மாற்றான் கூற்றைப் பல நாள் கேட்டு விடையிறுக்கும் பொறுமை இருந்தமையால் அன்றோ அவ்வாதம் ஒரு சிறந்த சீடரைத் தேடித் தந்தது? முதல் நாளே 'குதர்க்கம்' என்று எழுந்து சென்றிருப்பின், இரு தரத்தாரும் பழைய இடத்திலேயே நின்றிருப்பர்.

நியாயஸ்தலத்தில் ஒருவன்மீது குற்றஞ் சாட்டுவோர் இன்ன சட்டம், இன்ன பிரிவு என்று எடுத்துக்காட்டக் கடமைப்பட்டவர். குதர்க்கம் என்பதும் ஒரு குற்றச்சாட்டே, வசைமொழியன்று. காரணம் பொய்யா, இருபாலும் ஓடுகிறதா, எடுத்த கொள்கைக்கே மாறானதா, உதாரணம் பொருந்தாததா என்று சுட்டிக் காட்டுவோனுக்கே அச்சொல்லை வழங்கும் உரிமை உண்டு. தன்னைத் தானே ஆளும் ஜனசமூகத்தில், ஒருவரையொருவர் காரணங் கூறி இணங்கச் செய்தலன்றி வேறு நல்வழி இல்லை. காரணங்களை ஆராயும் பழக்கம் கெடுமாயின், உரத்த குரலுடையோன் ஆளுவான், மற்றையோர் கைதட்டுவர்.